கண் முன்னால் வெட்ட வேண்டிய படம்

2024ஆம் ஆண்டு நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, கணவருக்கு மதியச் சாப்பாடு கட்டினேன். அவர் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். ஏழரைக்கு தெருமுனையில் கம்பெனி பஸ் வரும். அவர் போன பிறகு பாத்திரம் தேய்த்தேன். துணிகளைக் கூடத்துக் கொடியிலேயே போட்டேன். தூறல் நாளில் மாடியில் காயப்போட்டால் துணியில் தோல் பதனிடும் டேனரி வாசம் ஏறி, இரண்டு முறை அலசினாலும் போகாது. எட்டரைக்கு வேலை அறைக் கதவைச் சாத்தினேன். தினமும் அந்த நேரத்தில் கணினியைப் போட்டு, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். அன்று அதைப் போடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன்.

என் வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பகுதியைப் பெண்களே படம் பிடிப்பார்கள். அதை எடிட் செய்வதற்கும் ஒரு பெண்தான் வேண்டும். அதனால் என்னிடம் வருகிறார்கள். நான் முன்பு ஒரு ஷூ கம்பெனியில் கணினியில் தோல் வெட்டும் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவள். கழுத்துவலி வந்து வேலையை விட்ட பிறகு இதைக் கற்றுக்கொண்டேன். என்னிடம் வரும் குடும்பங்களுக்கு நான் கொடுத்திருக்கும் உறுதி இரண்டு. ஒன்று, இந்தக் கணினிக்கு இன்டர்நெட் கிடையாது. வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூடக் கொடுத்ததில்லை. இரண்டு, படம் ஹார்ட் டிஸ்கில் வரும், டிஸ்கில் போகும். வேறு யார் கையிலும் சிக்காது.

இவற்றுக்கு மேல் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் பெண் வீட்டுப் பெரியம்மாவோ சித்தியோ இரண்டு மூன்று பேரோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து முழுவதையும் பார்ப்பார்கள். படத்தில் இருக்க விரும்பாத பெண்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் முகம் வரும் இடத்தையெல்லாம் எடுத்துவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கோ ஒரு வீட்டில், ‘அப்புறம் எடுத்துவிடுகிறேன்’ என்று சொன்ன ஆள் மறந்துபோய், அந்தப் படம் ஆண்கள் கைக்குப் போய்ப் பெரிய சண்டையானதாம். அதிலிருந்து ‘அப்புறம்’ என்ற சொல்லுக்கே இடமில்லை. அவர்கள் கண் முன்னாலேயே வெட்ட வேண்டும். வெட்டி முடித்த பிறகுதான் படம் வீட்டை விட்டு வெளியே போகலாம்.

அந்த மாதம் கையில் இருந்தது வாணியம்பாடி வீட்டுக் கல்யாணம். மணப்பெண் வியாழக்கிழமை இரவு கணவரோடு ரியாத்துக்குப் புறப்படுகிறாள். போனால் திரும்பி வர இரண்டு வருடமாவது ஆகும். அந்தப் படத்தை லிங்க்கில் அனுப்ப முடியாது, பார்சலில் போட முடியாது. அவள் கையோடு போனால்தான் உண்டு. சனிக்கிழமை அந்தப் பெண்ணும், அவளுடைய அம்மாவின் அக்காவும், இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அக்காவை எல்லோரும், உருதுவில் பெரியம்மா என்று பொருள்படும் காலா என்றுதான் கூப்பிடுவார்கள். படத்துக்கு அனுமதி தர வேண்டியது அவர்தான்.

நான்கு கேமராவில் எடுத்த படம், பெரிய அளவு. என் கணினியில் இருந்த ஆறு கோர் பிராசஸரால் அதை ஓட்ட முடியவில்லை. மூன்று நொடி ஓடும், நிற்கும். நின்ற இடத்திலிருந்து தாவி வேறெங்கோ போகும். சின்ன அளவில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு வெட்டலாம். என் தனி வேலைக்கு அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்த நகலில் பின்வரிசை முகங்கள் தெரியாது. காலாவுக்குப் பின்வரிசைதான் முக்கியம்.

“இன்னாம்மா இது, பொண்ணு வாயத் தொறந்தா தொறந்தபடியே நிக்குது? உள்ள ஈ பூந்துடப் போவுது” என்றார் காலா.

“லோடு ஜாஸ்திம்மா. கொஞ்சம் பொறுங்க.”

“எங்க வூட்டு கிரைண்டரு கல்யாணத்துக்கு வாங்குனது. அதுவே இத விட நல்லா ஓடுது.”

“காலா, உங்க மூஞ்சி வந்து நின்னப்ப மட்டும் ஒண்ணுமே சொல்லல?” என்று மணப்பெண் கிண்டலடித்தாள்.

“அது நல்லா இருந்துச்சு, நின்னுச்சு. நீ பேசாத.” காலா திரையைக் காட்டினார். “அங்க, பச்ச துப்பட்டா. யாரு அது? ஓட்டு. நில்லு நில்லு. போய்ட்டா. திரும்ப வா.”

திரும்பப் போனால் மறுபடி நிற்கும். அப்படியே மதியம் வரை போராடிப் பாதி தூரம்தான் வந்தோம். காலா தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். மீதியைப் புதன்கிழமை பத்து மணிக்குப் பார்ப்பதாகப் பேச்சு.

திங்கட்கிழமை வேலூர் போய் எட்டு கோர் பிராசஸர் ஒன்று வாங்கி வந்தேன். என் கணினியின் மதர்போர்டில் அது உட்காருமா என்று போனில் போர்டு கம்பெனியின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் போர்டு இருந்தது, அந்தப் பிராசஸரின் பெயரும் இருந்தது. கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். பெட்டியைக் கொண்டு வாருங்கள், மாட்டித் தருகிறேன் என்றார். பெட்டி வீட்டை விட்டு வெளியே வராது என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை நடந்தது இதுதான். முதலில் படம் இருக்கும் இரண்டு டிஸ்குகளையும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, நேராக மேலே தூக்கினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தூக்கினேன். பட்டென்று வந்தது. பிராசஸரும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே பூசியிருந்த பேஸ்ட் ஐந்து வருடத்தில் காய்ந்து கோந்து மாதிரி ஆகியிருந்தது. பிராசஸரின் அடியில் முடி போன்ற ஊசிக்கால்கள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. ஒரு மூலையில் ஒரு வரிசை சாய்ந்துவிட்டது. பார்த்தேன். இனி இது எதற்கு என்று நினைத்தபடியே, பழக்கதோஷத்தில், புதியது வந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

புதியதை உட்கார வைத்தேன். பேஸ்ட் பூசி, விசிறியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் அலைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பொருத்தினேன். மெமரியை இடம் மாற்றினேன். போர்டில் இருக்கும் பொட்டு மாதிரியான சின்ன பேட்டரியை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கறுப்புதான்.

போனில் அந்தப் பட்டியலை மறுபடி திறந்தேன். இந்த முறை போனைப் படுக்கவாட்டில் பிடித்தேன். வலது பக்கத்தில் இன்னொரு பத்தி இருந்தது. நிமிர்த்திப் பிடித்தபோது அது திரைக்கு வெளியே போயிருந்தது. எந்த பயோஸ் பதிப்பு முதல் இந்தப் பிராசஸர் வேலை செய்யும் என்று அதில் எழுதியிருந்தது. பயோஸ் என்பது கணினி எழுந்தவுடன் முதலில் படிக்கிற சின்ன நிரல், போர்டிலேயே இருக்கும். என்னுடையது வாங்கிய நாளில் எப்படி வந்ததோ அப்படியே இருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“பயோஸ் எப்பக்கா அப்டேட் பண்ணீங்க?”

“பண்ணதே இல்ல.”

“நெட்டுல போட்டா அதுவே சொல்லியிருக்குமே.”

“நெட்டு குடுக்கறதில்ல.”

“அஞ்சு வருஷமாவா? நெட்டே இல்லாத கம்ப்யூட்டர வெச்சி இன்னாக்கா பண்றீங்க, ஊதுவத்தி ஏத்திக் கும்பிடறீங்களா?” என்று சிரித்தார். நான் சிரிக்காததால் அவரும் நிறுத்தினார். “சரி, ஒண்ணும் பேஜார் இல்ல. பழச போட்டு ஆன் பண்ணுங்க, பயோஸ ஏத்துங்க, அப்புறம் புதுச போடுங்க. பழசு இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப முடிஞ்சுது.”

கால்கள் சாய்ந்ததைச் சொன்னேன்.

“என்கிட்ட அந்தப் பழைய மாடல் ஒண்ணும் இல்லக்கா. மெட்ராஸ்லேர்ந்து வரவெக்கணும். வியாழக்கிழம சாயந்திரம் ஆவும்.”

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் விமானத்துக்குக் காரில் ஏறியிருப்பார்கள். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. இத்தனை வருடமாக அதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. அந்தப் பெண் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், “ஆன்ட்டி, எங்கம்மா அழற சீன மட்டும் வெட்டிடாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அந்தக் காட்சி இன்னும் காலா பார்க்காத இரண்டாம் பாதியில் இருந்தது.

டப்பாவைத் திறந்தேன். பழைய பிராசஸரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. போன் கேமராவைக் கிட்டே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு கால்கள் சாய்ந்திருந்தன. அதில் ஒன்று பக்கத்துக் கால் மேலேயே படுத்திருந்தது. மைக்ரோ டிப் பென்சில் ஒன்றில் லெட் குச்சியை எடுத்துவிட்டு, அதன் வெறும் முனையை ஒரு காலின் மேல் தொப்பி மாதிரி மாட்டி, மெதுவாக நிமிர்த்தினேன். நிமிர்ந்தது. கொஞ்சம் கூடப் போய்விட்டது. திரும்ப இந்தப் பக்கம் சாய்த்தேன். இப்படி முன்னும் பின்னும் போனால் கால் உடையும். உடைந்தால் ஒட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு காலையும் ஒரே தடவையில் நிறுத்த வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் இன்னொரு தடவைதான் தாங்கும். முதல் காலிலேயே எனக்கு அந்த இன்னொரு தடவையும் செலவாகிவிட்டது. மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்குள் ஒரு காலை நிமிர்த்தினேன். பிறகு பென்சிலைக் கீழே வைத்து, கேமராவில் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். மதியம் சாப்பிடவில்லை. படுத்திருந்த காலை எடுக்கும்போது பென்சில் முனை அதன் அடியில் போகவில்லை. தையல் ஊசியை நுழைத்து நெம்பினேன். நெம்பும்போது வாய்விட்டு, “உடையாத, உடையாத” என்று சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அடுத்த வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டுத்தான் அது எனக்கே தெரிந்தது.

அது பாதி நிமிர்ந்து நின்றபோது போன் அடித்தது. அந்தப் பெண்.

“ஆன்ட்டி, ஒண்ணு சொல்லட்டா, கோச்சிக்காதீங்க. காலா நாளைக்கு வரமாட்டேன்னு அடம்புடிக்கறாங்க. போன தடவ மாதிரி நின்னு நின்னு ஓடுச்சுன்னா ஒக்கார முடியாதாம். தல சுத்துதாம்.”

“நீ இன்னா சொன்ன?”

“ஆன்ட்டி புதுசா எதோ போட்டிருக்காங்க, இப்ப நிக்காதுன்னு சொல்லிட்டேன். நிக்காதுல்ல?”

கையில் ஊசி இருந்தது. கணினி பிணம் மாதிரித் திறந்து கிடந்தது.

“நிக்காதும்மா.”

“பக்காவா?”

“பக்கா. கூட்டிட்டு வா.”

அவள் வைத்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. அதுவரை மனதில் ஓர் ஓரத்தில் இருந்த வழியும் அதோடு அடைந்தது. பழைய பிராசஸர் உயிர் பெற்றால் போதும், அதை வைத்தே நின்று நின்றாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இனி அது போதாது. நின்றால் காலா எழுந்துவிடுவார். எழுந்துவிட்டால் படம் வெளியே போகாது.

கடைசிக் காலையும் நிமிர்த்தி, புதியதைக் கழற்றிவிட்டு, பழைய பிராசஸரைப் போர்டின் சாக்கெட் மேல் வைத்தேன். உட்காரவில்லை. அழுத்தவில்லை. எடுத்துப் பார்த்து, ஒரு காலை இம்மியளவு நகர்த்தி மறுபடி வைத்தேன். இந்தத் தடவை தானாகவே இறங்கியது. பேஸ்ட் பூசி, விசிறியை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். திரையில் கம்பெனிச் சின்னம் வந்தது. நான் அழுதேன் என்று எழுதினால் மிகை. கண் எரிந்தது, சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

இன்னும் பயோஸை மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். அதற்கப்புறம் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அன்று தூறலில் காலையிலிருந்தே கரண்ட் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. என் யுபிஎஸ் எழுந்து நிற்பதற்குள் படுத்துவிடுகிற நிலையில் இருந்தது. புதிய பயோஸ் கோப்பைப் போனில் இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். அறை வாசலில் நின்று பார்த்தார்.

“இன்னா இது, ஆபரேஷன் தியேட்டரா? பேஷண்ட் எப்டி?”

“பேசாதீங்க.”

அவர் பேச்சை நிறுத்திச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பட்டியலின் வலது பக்கத்துப் பத்தியையும் சொன்னேன்.

“வுட்டுடு. பழசு ஓடுதுல்ல? அந்தம்மா கால்ல வுழுந்தாவது ஒக்கார வெச்சிக்கலாம்.”

“நிக்காதுன்னு சொல்லிட்டேன்.”

“யாரு சொல்லச் சொன்னா?”

பிறகு அவரே, “நம்ம இன்வெர்ட்டர்ல போட்டா?” என்றார்.

எங்கள் இன்வெர்ட்டர் கூடத்து விளக்குக்கும் இரண்டு விசிறிக்கும் ஒரு பிளக்குக்கும் மட்டும்தான். அந்தப் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்கலாம். ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கிற அந்த ஒரு கண நேரத்திலேயே கணினி அணைந்துவிடலாம் என்றேன்.

“அப்ப போறதுக்கு முன்னாடி நாமளே நிறுத்திடுவோம். மெயின ஆஃப் பண்ணிட்டா அப்புறம் எது போவும்? கரண்ட் இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா?”

அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். காலையிலிருந்து தோன்றவில்லை. எக்ஸ்டென்ஷனை இழுத்தோம், விசிறிகளை நிறுத்தினோம், விளக்கை அணைத்தோம். அவர் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். இன்வெர்ட்டர் ஒரு முறை கீச்சிட்டு உறுமத் தொடங்கியது. அந்த ஒரு பேட்டரியில் என் கணினி மட்டும் எழுந்தது. பென்டிரைவைச் செருகி, கோப்பைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் அணைக்க வேண்டாம் என்று திரை எச்சரித்தது. சரி என்று அழுத்தினேன்.

கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. வெளியே எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

“இன்னாங்க, உங்க வூட்ல மட்டும் கரண்ட் இல்லியா? ஃபியூஸ் போச்சா? ஆள் அனுப்பட்டா?”

கணவர் ஜன்னலுக்குப் போய், “ஒண்ணும் இல்லீங்க, சும்மா அணைச்சி வெச்சிருக்கோம்” என்றார்.

“சும்மாவா?”

“கொசு வராதாம்.”

கோடு முக்கால் தூரத்தில் நின்றது. இன்வெர்ட்டர் பீப் என்றது. நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளில் கை வைத்தார், உடனே எடுத்தும்விட்டார். என் உடம்பு அசைந்து எதிலாவது இடித்துவிடும் என்று பயந்தாராம். கோடு மறுபடி நகர்ந்தது. முடிந்தது. கணினி தானே அணைந்து, தானே எழுந்தது. புதிய பதிப்பின் எண் மேல் மூலையில் இருந்தது. எண்ணை அவரிடம் படித்துக் காட்டச் சொல்லி, பட்டியலோடு நான் ஒப்பிட்டேன். போனைப் படுக்கவாட்டில் பிடித்து.

மெயினைப் போட்டு, கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினேன். பேஸ்ட் இளகட்டும் என்றுதான். பிறகு அணைத்து, விசிறியை மேலே தூக்காமல் இடமும் வலமுமாகத் திருகி எடுத்தேன். பழையது சாக்கெட்டிலேயே இருந்தது. அதை எடுத்துப் புதியதை வைத்துச் சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பு. காலையில் பார்த்த அதே கறுப்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இரு, பாக்கறேன்” என்றார் அவர். நேரம் போனது. மழை பலமாகப் பிடித்தது. “இன்னும் இல்ல” என்றார். பிறகு, “அட, எழுத்து வருது” என்றார்.

அலமாரியிலிருந்து டிஸ்குகளை எடுத்து மாட்டினேன். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அந்தப் படத்தை அவரும் பார்க்கக் கூடாது. பெண்கள் கைதட்டிப் பாடும் இடத்தில், நான்கு கேமராவும் ஒன்றாக ஓட வேண்டிய இடத்தில், எடிட்டிங் டைம்லைனைத் தட்டினேன். ஓடியது. பச்சைத் துப்பட்டா வந்தது, போனது. அம்மா அழுவது வந்தது. நிற்கவில்லை. முடியும் வரை பார்த்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், அது வரவில்லை. ஒரு தடவை எழுந்தது மறுதடவை எழும் என்பதற்கு என்ன உறுதி என்று தோன்றியது. மின்னல் இருந்ததால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. அன்று இரவுச் சாப்பாடு காலை இட்லிதான். அவரும் அதையே தின்றார்.

மறுநாள் காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், முதலில் வேலை அறைக்குப் போய்ப் பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். திரை வந்தது. டைம்லைன் ஓடியது. அவர்கள் வீட்டில் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்திருப்பார்கள் என்று தெரியும். போன் செய்தேன். காலாவே எடுத்தார்.

“நிக்குமா, நிக்காதா? அத சொல்லு மொதல்ல.”

“நிக்காதும்மா. வாங்க.”

“அப்ப இன்னைக்கு மூக்குக் கண்ணாடி எடுத்துனு வர்றேன், பின்வரிசையெல்லாம் பாக்கணும்” என்றார்.